கையில் கிங் ஏர் வேலை, மனதில் ஏர்லைன்: ஒரு புது பைலட்டின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசன்ஸ், முடித்துவிட்டீர்கள். மல்டி எஞ்சின் ரேட்டிங், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான ஐஆர், இரண்டும் இருக்கின்றன. லாக்புக்கில் 200 மணிக்குக் கொஞ்சம் மேல். ஏர்லைன் எதுவும் இப்போதைக்குப் புது ஆட்களைக் கூப்பிடவில்லை. இதற்கிடையில் விமானத்தை வாடகைக்கு விடும் ஒரு சார்ட்டர் கம்பெனி, கிங் ஏர் பி200 என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் கோ-பைலட்டாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, மூன்று வருட பாண்டோடு, அதாவது அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. வீட்டில் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. தலைப்பில் ‘கார்ப்பரேட் பைலட் நல்லதா, ஏர்லைன் பைலட் நல்லதா’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசி வரியில்தான் இருக்கிறது: இதில் போய்ச் சேர்ந்தால் அப்புறம் ஏர்லைன் கதவு மூடிவிடுமா? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. முதல் கேள்விக்குத்தான் நிறைய பேச வேண்டியிருக்கிறது.

நான் என் தொழிலின் முதல் பாதியைத் தனி விமானங்களில் ஓட்டியவன். முதலில் கிங் ஏர், பிறகு நடுத்தர ஜெட். இப்போது ஒரு ஏர்லைனில் ஏ320 கேப்டன், பயிற்சியும் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் கான்ட்ராக்ட்டை நான் படிக்கவில்லை, அந்தக் கம்பெனியையும் தெரியாது. அதனால் அவர்களைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. இந்தியாவில் ‘கார்ப்பரேட்’ என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வகை இருக்கிறது. ஒரு தொழில் குழுமம் தன் சொந்த உபயோகத்துக்கு விமானம் வாங்கித் தனியார் பிரிவில் பதிவு செய்து வைத்திருப்பது ஒன்று. அந்த விமானத்தை வாடகைக்கு விடக் கூடாது. இன்னொன்று என்எஸ்ஓபி, அதாவது அட்டவணை இல்லாத சேவைக்கான பெர்மிட் வாங்கிய சார்ட்டர் கம்பெனி. காசு கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது வகை. வேலையின் சுபாவமே வேறு. சொந்தக் குழுமத்தில் உங்களுக்கு ஒரே முதலாளி. அவர் பழக்கவழக்கம் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். சார்ட்டரில் தினமும் புது முகம். இன்று கல்யாண வீட்டார், நாளை கட்சிக்காரர், மறுநாள் நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் டிரிப்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோ-பைலட் ஐந்தரைக்கு ஹேங்கரில் இருப்பார். எஞ்சின் கவர், பிட்டோ கவர் கழற்றுவது, எரிபொருள் பவுசர் வந்ததா என்று பார்ப்பது, டேங்கிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, வானிலை எடுப்பது, எடை கணக்குப் போடுவது, ஃபிளைட் பிளானுக்கு ஏடிசி (வான் பாதுகாப்பு அனுமதி), எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) எண்கள் வந்துவிட்டனவா என்று ஹேண்ட்லிங் ஏஜென்ட்டைத் துரத்துவது, இவ்வளவும் உங்கள் தலையில். கேட்டரிங் டப்பாவைத் திறந்து, சர்க்கரை இல்லாத காபி கேட்டிருந்தார்களே, அது தனி பிளாஸ்க்கில் இருக்கிறதா என்று பார்ப்பதும் நீங்கள்தான். ஐஸ் பெட்டி, செய்தித்தாள், டிஷ்யூ எல்லாம். எட்டு மணிக்கு வர வேண்டியவர் பத்தரைக்கு வருவார். கூட நான்கு பேர் என்று சொல்லியிருந்தால் ஆறு பேர் வருவார்கள், கையில் பெட்டிகளோடு. நீங்கள் மறுபடி எடை கணக்குப் போட வேண்டும். பெட்டிகளை நீங்களே தூக்கி வைக்க வேண்டும். இறங்கிய இடத்தில் அவர் கூட்டத்துக்குப் போய்விடுவார். நீங்கள் அந்தச் சின்ன டெர்மினலில் ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்து, அவர் திரும்ப எப்போது வருவார் என்று பி.ஏ.வுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சிறு விமான நிலையங்களில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் ஆட்கள் இருக்கும் நேரம், எங்கள் பேச்சில் வாட்ச் அவர், மாலையோடு முடிந்துவிடும். அதை நீட்டிக்க முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். மும்பை மாதிரி இடம் என்றால் கூட்ட நேரத்தில் தனி விமானங்களுக்கு அனுமதி கிடையாது, நிறுத்த இடமும் கிடைக்காது. ஆளை இறக்கிவிட்டு வேறு ஊருக்குப் போய் நிறுத்திவிட்டு, சாயங்காலம் காலியாகத் திரும்பி வந்து கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

‘பணக்கார வீட்டு கார் டிரைவர் மாதிரி’ என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பாதி உண்மைதான், கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மறுபாதியில்தான் ஒரு விமானி உருவாகிறார். புட்டபர்த்தி, ஓசூர், ஜாம்ஷெட்பூரின் சோனாரி போன்ற ஓடுதளங்களுக்கு ஏர்லைன் ஏ320 போவதில்லை. பல சிறு தளங்களில் ஐஎல்எஸ், அதாவது ரேடியோ சமிக்ஞையால் ஓடுதளத்துக்கு வழிகாட்டும் கருவி, கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வானிலை, எரிபொருள், மாற்று நிலையம், ஓடுதள நீளம் எல்லாவற்றையும் நீங்களும் கேப்டனும் மட்டுமே யோசித்து முடிவு எடுக்கிறீர்கள். இரண்டு வருடம் ஒழுங்கான கேப்டனோடு கிங் ஏர் ஓட்டிய பையன் சிமுலேட்டரில் உட்கார்ந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். கை நன்றாக இருக்கும், வானிலை பற்றி யோசிக்கத் தெரிந்திருக்கும். திணறுவது வேறு இடத்தில்: கால்-அவுட்களை, அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் உரக்கச் சொல்ல வேண்டிய வாசகங்களை, வார்த்தை மாறாமல் சொல்வது, செக்லிஸ்ட்டை அதன் இடத்தில் கேட்பது, தானே எல்லாவற்றையும் செய்யாமல் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் வேலையைக் கொடுப்பது. இதெல்லாம் சில வாரங்களில் சரிசெய்துவிடக்கூடியவைதான்.

ஏர்லைன் வாழ்க்கை இதற்கு நேர் எதிர். ஃபிளைட் பிளான் தயாராக இருக்கும். டிஸ்பாட்ச், ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல், இன்ஜினியரிங், கேபின் க்ரூ, லோடர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருப்பார்கள். ரோஸ்டர் முன்கூட்டியே வந்துவிடும். மாறும், ஆனாலும் வரும். நீங்கள் போய் உட்கார்ந்து ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரே நாளில் நான்கு செக்டர், அதாவது நான்கு பயணம், ஓட்டுவீர்கள். மதியம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றுகூடச் சில சமயம் யோசிக்க வேண்டியிருக்கும். விடியற்காலை டியூட்டி மூன்று நாள் தொடர்ந்து வந்தால் உடம்பு கேட்கும். பைலட்டின் பறக்கும் நேரத்துக்கு வருடத்தில் 1,000 மணி உச்சவரம்பு இருக்கிறது. ஏர்லைன்காரர்கள் அதை நோக்கித்தான் ஓடுகிறார்கள். தனி விமானத்தில் வருடத்துக்கு 300, 400 மணி வந்தாலே நல்ல வேலை என்று சொல்வோம். மீதி நேரம் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்புக்குத்தான் பலரும் மதிப்புப் போட மறந்துவிடுகிறார்கள். ஏர்லைனில் லீவு என்றால் லீவு. சார்ட்டரில் போன் எந்த நேரமும் அடிக்கும். மச்சினன் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் ராஞ்சியில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அதே நேரம், ஒரு நல்ல குழும விமானத்தில் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் வேலை, மற்ற நாளெல்லாம் வீடு, வெளிநாடு போனால் நல்ல ஹோட்டலில் நான்கு நாள் தங்கல் என்று இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏர்லைனுக்கு வரவே மாட்டார்கள். 51,000 அடி வரை ஏறும் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550-இல் உட்கார்ந்து, கீழே 39,000-க்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் எங்களை ரேடியோவில் கேட்டுக்கொண்டே போவார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். சம்பளம், விமானம், ஊர் சுற்றுவது எல்லாவற்றையும்விட இந்த இரண்டு வேலைக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம், ‘முடியாது’ என்று சொல்வது யார் என்பதுதான். ஏர்லைனில் வானிலை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் நான் இறங்க மாட்டேன். வேறு ஊருக்குப் போய்விடுவேன். பின்னால் இருக்கும் 180 பேரும் கோபப்படுவார்கள், ஆனால் ஒருவரும் காக்பிட்டுக்குள் வர முடியாது, என்னை வேலையை விட்டு எடுக்கவும் முடியாது. எனக்குப் பின்னால் மேனுவல் இருக்கிறது, சீஃப் பைலட் இருக்கிறார், விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ இருக்கிறது. மாறாக, இறங்கக் கூடாத இடத்தில் இறங்கினால்தான் எனக்கு வேலை போகும். தனி விமானத்தில் விதி அதேதான். ஆனால் அந்த ‘முடியாது’ உங்கள் வாயிலிருந்து நேராக, சம்பளம் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்து வர வேண்டும்.

அழுத்தம் எப்படி வரும் தெரியுமா? ‘நீ போய்த்தான் ஆக வேண்டும்’ என்று யாரும் கத்த மாட்டார்கள். ‘இன்னொரு விமானம் அங்கே இறங்கிவிட்டதாமே?’ என்று மெதுவாகக் கேட்பார்கள். ‘போன தடவை வந்த கேப்டன் இதைவிட மோசமான மழையில் கூட்டிப்போனாரே’ என்பார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்டும் தேநீர் குடித்தபடி உட்கார்ந்திருக்கும் கேப்டன் உங்களுக்கு வாய்த்தால் அதிர்ஷ்டம்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. 2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் ஆஸ்பென் விமான நிலையத்தில் ஒரு சார்ட்டர் கல்ஃப்ஸ்ட்ரீம் III மலைச்சரிவில் மோதியது. விமானத்தில் இருந்த 18 பேரும் இறந்தார்கள். மலைகளுக்கு நடுவே உள்ள அந்த நிலையத்தில் அந்த வகை விமானம் இருட்டிய பிறகு இறங்கக் கூடாது. பயணிகள் தாமதமாக வந்ததால் கிளம்பவே நேரமாகிவிட்டது. வேறு ஊருக்குப் போக நேரலாம் என்ற பேச்சே வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்பது கேப்டன் காதுக்கு வந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. ஓடுதளம் கண்ணில் படாமலேயே அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். விசாரணை நடத்திய அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, வாடிக்கையாளரிடமிருந்து கேப்டனுக்கு வந்த அழுத்தத்தையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. நம் ஊரில் தேர்தல் காலத்துப் பறத்தலுக்கு என்றே டிஜிசிஏ தனியாக வழிமுறை போட்டு வைத்திருக்கிறது. ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொரு விபத்து இருக்கிறது. அதில் அழுத்தம் கொடுக்க யாருமே இல்லை, அதனாலேயே எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது. 2014 மே 31, மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு. ஒரு தனியார் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-IV ஓடுதளத்தில் ஓடியது, மேலே எழும்பவில்லை, முனையைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தில் தீப்பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். நிறுத்தி வைக்கும்போது காற்றில் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்கள் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை, கஸ்ட் லாக், எடுக்காமலேயே கிளம்பியிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் கன்ட்ரோலை முழுக்க ஆட்டிப் பார்க்கும் சோதனை, பயிற்சியின் முதல் வாரத்தில் செஸ்னாவில் நீங்கள் கற்றுக்கொண்ட அதே சோதனை, அதைச் செய்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். இரண்டு பைலட்டுகளும் அனுபவசாலிகள், வருடக்கணக்காக ஒன்றாகவே ஓட்டியவர்கள். விமானத்தின் பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தபோது, அதற்கு முந்தைய 175 டேக்-ஆஃப்களில் 98 சதவீதத்தில் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்யவே இல்லை என்று தெரிந்தது.

அந்தத் தகவல் விமானத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. ஏர்லைனில் என் ஒவ்வொரு பறத்தலின் தரவும் தரையிறங்கியதும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. இறங்கும்போது வேகம் ஐந்து நாட் கூடினால் யாரோ ஒருவர் கவனிக்கிறார். கூடவே, பக்கத்தில் உட்காருபவர் தினமும் மாறுகிறார். இன்று பார்ப்பவரை அடுத்த ஆறு மாதம் பார்க்க மாட்டேன். அதனால் இருவருக்கும் பொதுவாக இருப்பது மேனுவல் மட்டுமே. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நான்கு வருடம் ஒரே ஆளோடு ஓட்டி ஓட்டி மெதுவாகத் தேய்ந்துபோகும் பழக்கங்கள் இங்கே தேய வழியில்லை. நல்ல கார்ப்பரேட் பிரிவுகளும் இதைச் செய்கின்றன: தரவைப் பார்க்கின்றன, வெளியாளைக் கூப்பிட்டுத் தணிக்கை வைக்கின்றன, பைலட்டுகளை வருடந்தோறும் வெளிநாட்டு சிமுலேட்டருக்கு அனுப்புகின்றன. செய்யாதவையும் இருக்கின்றன. அது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஏர்லைனில் அப்படியொரு விருப்பத்துக்கு இடமே கிடையாது.

அதற்காக ஏர்லைன் பத்திரமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உயிருக்குப் பத்திரம், சரி. சம்பளத்துக்கு? கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டது. மூன்றிலும் பல மாதச் சம்பளம் வராமல் அலைந்த பைலட்டுகள் உண்டு. அதைவிடக் கொடுமை சீனியாரிட்டி. ஏர்லைனில் கமாண்ட் (கேப்டன் பதவி), பேஸ் (எந்த ஊரில் வேலை), லீவு எல்லாமே பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த தேதியை வைத்துத்தான். கம்பெனி மூழ்கினால் 20 வருடம் ஓட்டியவரும் புதுக் கம்பெனியில் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்கள் முழுக்க நின்றன. அதன் பிறகு கூட்டத்தோடு பறக்கப் பயந்தவர்கள் சார்ட்டரைத் தேடி வந்தார்கள். நாங்கள் சம்பள வெட்டில் இருந்தபோது என் பழைய நண்பர்கள் ஓய்வில்லாமல் பறந்துகொண்டிருந்தார்கள். இரண்டு தொழிலும் ஒரே நேரத்தில் மேலே போவதோ கீழே விழுவதோ இல்லை.

ஆள் எடுப்பு எப்போது திறக்கும் என்பதில் யார் உறுதியாகப் பேசினாலும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. தெரிந்தது இவ்வளவு: 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. பைலட்டுக்கான ஓய்வு விதிகளும் இறுகின. வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, இரவில் இறங்கும் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. அது முழுதாக அமலுக்கு வந்த சமயத்தில், 2025 டிசம்பர் தொடக்கத்தில், இண்டிகோவில் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தானதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். பைலட் தேவை இருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் அந்தத் தேவை கேப்டன்களுக்கும், டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி, உள்ள அனுபவசாலிகளுக்கும்தான் முதலில். 200 மணிக்காரருக்கு அது எப்போது இறங்கி வரும் என்பது ஊகம். ஆர்டர் கொடுத்த விமானம் எந்த வருடம் கையில் கிடைக்கும் என்பதே ஊகமாக இருக்கும்போது, அதை நம்பி வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இனி உங்கள் கடைசி வரி. கதவு மூடாது. கிங் ஏரிலிருந்து ஏர்லைனுக்கு வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், நானும் தனி விமானத்திலிருந்து வந்தவன்தான். ஆனால் கதவுக்கு உள்ளே வந்ததும் எங்கே உட்கார வைப்பார்கள் என்பதில் ஏமாந்துவிட வேண்டாம். 1,500 மணி கிங் ஏர் கோ-பைலட்டாக இருந்துவிட்டு வந்தாலும் ஏர்லைனில் பெரும்பாலும் ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆஃபீசராகத்தான் ஆரம்பம். ஏ320 அல்லது 737 டைப் ரேட்டிங்குக்கு நீங்களே பல லட்சம் செலவழிக்க வேண்டியிருக்கலாம். உங்களோடு படித்து நேரே ஏர்லைனுக்குப் போனவர் அப்போது உங்களுக்கு மேலே இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பி200-இன் அதிகபட்ச எடை 12,500 பவுண்டு, அதாவது 5,670 கிலோ. தயாரிப்பாளரின் சான்றிதழ்படி அதை ஒரே பைலட் ஓட்டலாம். இரண்டு பேர் வேண்டும் என்பது நாட்டு விதியாலும் கம்பெனி விதியாலும் வருவது. இப்படிப்பட்ட விமானத்தில் கோ-பைலட்டாக ஓட்டிய நேரத்தில், உயர்ந்த லைசன்ஸுக்குப் பாதிக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் இணைப்பு 1 சொல்லும் பொது விதி. இரண்டு பேர் ஓட்டும் முறையில், கோ-பைலட்டுக்கான கருவிகளோடு ஓட்டப்படுகிறது என்றால் முழுசாகவும் எடுத்துக்கொள்ள நாட்டு அதிகாரம் அனுமதிக்கலாம். ஏர்லைன் கேப்டனுக்குத் தேவையான அந்த உயர்ந்த லைசன்ஸான ஏடிபிஎல்லுக்கு 1,500 மணி வேண்டும். அது உங்களுக்கு மூன்று நான்கு வருடத்தில் வருமா, அதைப் போல இரு மடங்கு காலம் ஆகுமா என்பது இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. சேரும் முன், அங்கே ஏற்கெனவே ஏடிபிஎல் வாங்கிய ஒருவரின் லாக்புக்கைப் பார்க்கக் கேளுங்கள். எந்தப் பத்தியில் எப்படி எழுதியிருக்கிறார், டிஜிசிஏ எதை ஏற்றுக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

யூடியூபில் ‘கார்ப்பரேட் பைலட் வாழ்க்கை’ என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கா. அங்கே நெட்ஜெட்ஸ் போன்ற கம்பெனிகளில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்ற ரோஸ்டர் உண்டு, பைலட் சங்கம் உண்டு. அங்கே 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விமான விபத்துக்குப் பிறகு ஏர்லைனில் கோ-பைலட்டாக உட்காரவே பொதுவாக 1,500 மணி கேட்கிறார்கள். அதனால் சின்ன விமானத்தில் மணி சேர்ப்பது அங்கே எல்லோரும் போகும் பாதை. இங்கே 200 மணியிலேயே ஏ320-இன் வலது சீட்டில் உட்கார முடியும். ஆகவே ‘முதலில் சார்ட்டர், அப்புறம் ஏர்லைன்’ என்ற அவர்கள் அறிவுரையை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் போடாதீர்கள்.

உங்கள் நிலையில் என் தம்பி இருந்தால் என்ன சொல்வேன்? கையில் ஏர்லைன் கடிதம் இருந்தால் யோசிக்காமல் ஏர்லைன். காரணம் சம்பளம் இல்லை. பழக்கம் உறைந்துபோகும் முதல் 2,000 மணியைக் கண்காணிப்பு உள்ள இடத்தில் ஓட்டுவது நல்லது. கடிதம் இல்லை என்றால், வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட கிங் ஏர் எவ்வளவோ மேல். ஓட்டாமல் இருந்தால் ஐஆர் காலாவதியாகும், அதைப் புதுப்பிக்கக் கைக்காசு போகும், இரண்டு வருடம் ஓட்டாத பையனை எந்தத் தேர்விலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் எந்தக் கிங் ஏர், யாருடைய கிங் ஏர் என்பதைப் பார்க்காமல் சேராதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? நேர்காணலுக்குப் போகும்போது ஹேங்கரைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். விமானத்தின் கோளாறுகளை எழுதும் டெக் லாக்கைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வருடமாக ஒரு கோளாறுகூட எழுதப்படாத டெக் லாக் என்றால் அந்த விமானம் பழுதே ஆவதில்லை என்று அர்த்தம் இல்லை, எழுதவிடுவதில்லை என்று அர்த்தம். கடைசியாக எப்போது வானிலை காரணமாக ஒரு டிரிப்பை ரத்து செய்தீர்கள், வாடிக்கையாளர் என்ன சொன்னார், அடுத்த வாரம் அந்தக் கேப்டனுக்கு என்ன ஆயிற்று என்று சாதாரணமாகக் கேளுங்கள். உடனே ஒரு சம்பவத்தைச் சொன்னால் நல்லது. ‘எங்களுக்கு அப்படியெல்லாம் நேர்வதே இல்லை’ என்று பெருமையாகச் சொன்னால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். சிமுலேட்டருக்கு அனுப்புகிறார்களா, இல்லை விமானத்திலேயே சோதனையை முடித்துக்கொள்கிறார்களா? டியூட்டி நேரத்தை யார் பதிவு செய்கிறார்? ஹேங்கருக்கு வந்த நேரத்திலிருந்தா, எஞ்சின் போட்ட நேரத்திலிருந்தா? இந்தக் கேள்விகளை முதலாளியிடம் கேட்பதைவிட, அங்கிருந்து விலகிப் போன ஒரு கோ-பைலட்டைத் தேடிப் பிடித்துக் கேட்பது நல்லது. இந்தத் தொழில் ரொம்பச் சின்னது, இரண்டு போனில் ஆள் கிடைத்துவிடுவார்.

பாண்ட் விஷயத்தில் வக்கீலிடம் காட்டுங்கள், நான் வக்கீல் இல்லை. பைலட்டாக எனக்குத் தெரிந்தது: கம்பெனி உங்கள் பயிற்சிக்கு உண்மையிலேயே செலவழித்தால் பாண்ட் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தொகை, நீங்கள் வேலை செய்யச் செய்ய மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றாம் வருடக் கடைசி மாதத்திலும் முழுத் தொகையைக் கேட்கும் பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை வேலையிலிருந்து அவர்களே எடுத்தாலோ, விமானம் விற்கப்பட்டாலோ பாண்ட் ரத்தாகும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு கிங் ஏர் வைத்திருக்கும் கம்பெனியில் இது நடக்கவே நடக்காது என்று நினைக்காதீர்கள், இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போனாலே மாதக்கணக்கில் நீங்கள் தரையில்தான். அந்த மாதங்களில் சம்பளம் உண்டா, மணி வராததால் பாண்ட் காலம் நீளுமா என்றும் கேளுங்கள். மெடிக்கல், அதாவது பறக்க வேண்டிய உடல்தகுதிச் சான்று, போனால் கிடைக்கும் லைசன்ஸ் இழப்புக் காப்பீடு சார்ட்டரில் பெரும்பாலும் இருக்காது. சொந்தமாக எடுத்துக்கொள்ளுங்கள், வயது குறைவாக இருக்கும்போது பிரீமியமும் குறைவு. அசல் சான்றிதழ்களை, முக்கியமாக லாக்புக்கை, யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ‘ஆபீஸ் லாக்கரில் பத்திரமாக இருக்கும்’ என்பார்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் பத்திரமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, சேர்வதாக முடிவு செய்தால் அந்தக் காத்திருப்பு நேரத்தை வீணாக்காதீர்கள். ஏடிபிஎல் தாள்களை முதல் வருடத்திலேயே எழுத ஆரம்பியுங்கள். சின்ன டெர்மினலில் ஆறு மணி நேரம் பி.ஏ.வின் போனுக்காக உட்கார்ந்திருக்கும்போது படிப்பதைத் தவிர வேறு வேலை ஒன்றும் இருக்காது. கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு, பாண்ட் பற்றிய பக்கத்தை மட்டும் இங்கே போடுங்கள். நானும் பார்க்கிறேன், என்னைவிட இதில் அடிபட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களும் பார்த்துச் சொல்வார்கள்.